மூக்குப் பிளாஸ்திரி யாருக்கு?

சைக்கிள் அணிக் காரின் முன் இருக்கையில் பயிற்சியாளர்களாக இனி உட்காரப்போகும் உங்களுக்கு முதலில் ஒரு வணக்கம், அடுத்து ஓர் எச்சரிக்கை. ஏசி காரில் ரேஸுக்குப் பின்னால் உலா வருவதுதானே, சொகுசான வேலை என்று நினைத்து வந்திருந்தால் இப்போதே திரும்பிப் போய்விடுங்கள். சைக்கிள் மிதிக்கிறவர்களுக்குக் கால்தான் வலிக்கும். பின்னால் காரில் வருகிறவளுக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை வலிக்கும், அதுவும் ஒரு பெடலைக்கூட மிதிக்காமல்.

போன வாரம் சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டுக்கு நீங்கள் எல்லாரும் வந்திருந்தபோது, உங்களில் ஒருத்தி காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்: "மேடம், ரேஸ்ல மூக்குல பிளாஸ்திரி போட்டுக்கிறாங்களே, அது நெசமாவே வேலை செய்யுதா?" அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். நின்ற வாக்கில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. இத்தனை வருட வேலையில் எனக்கு மிகவும் பெருமை தருகிற முடிவு அந்தப் பிளாஸ்திரியோடு சேர்ந்தது. அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது, பெருமையாகவே சொல்கிறேன்.

கேட்டதற்கு முதலில் பதில். மூக்குத் தண்டின் மேல் குறுக்காக ஒட்டும் சின்னப் பட்டை அது. உள்ளே வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக் இருக்கிறது. அது நிமிரப் பார்க்கும்போது மூக்கை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, காற்றுக்கு வழி விடுகிறது. மூக்கடைப்பு உள்ளவர்களுக்குக் கொஞ்சம் ஆசுவாசம். மற்றபடி உயிரைக் கொடுத்து மிதிக்கும் கட்டத்தில் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டுதான் மூச்சு வாங்குவார்கள். பிளாஸ்திரி ஒட்டியதால் ஜெயித்தேன் என்று எவராவது சொன்னால், தலையாட்டிவிட்டு அவர் காலைப் பாருங்கள்.

எங்கள் அணிக்கு அது வந்த கதை வேடிக்கையானது. எங்களுக்குச் சம்பளம் கொடுத்தவர் திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் ரிக் வண்டிகள் வைத்துத் தொழில் செய்தவர். எல்லாருமே அவரை முதலாளி என்றுதான் கூப்பிடுவோம். பெண்கள் சைக்கிள் அணி ஒன்றுக்கு மாதச் சம்பளம் கொடுத்து நடத்துகிற ஆள் இந்தப் பக்கத்தில் அவர் ஒருத்தர்தான் இருந்தார். ஒரு நாள் டிவியில் வெளிநாட்டு ரேஸ் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

"ஏனுங்க மேடம், அந்த வெள்ளக்காரப் பசங்க மூக்குல ஒண்ண ஒட்டிக்கிட்டு ஓட்டறானுங்களே, பாத்தீங்களா? அதேதானுங்க நான் கொறட்டைக்குப் போட்டுக்கிட்டுப் படுக்கறது! எங்கூட்டுல பொட்டி பொட்டியாக் கெடக்குது. நம்ம புள்ளைங்களுக்குக் குடுத்தனுப்பறனுங்க."

இப்படித்தான் முதலாளியின் குறட்டைக்கு வாங்கியது எங்கள் ரேஸுக்கு வந்தது. அடுத்த முறை வாங்கும்போது தன் ரிக் வண்டிகளின் நிறத்திலேயே, நல்ல மஞ்சளாகப் பார்த்து வரவழைத்தார்.

பிள்ளைகள் அதை ஒரு சடங்காகவே ஆக்கிவிட்டார்கள். சைக்கிள் ரேஸ் தனியாள் விளையாட்டுப் போலத் தெரியும், ஆனால் அப்படியில்லை. முன்னால் போகிறவள் எதிர்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு போவாள். அவள் சக்கரத்தோடு சக்கரமாகப் பின்னால் வருகிறவளுக்கு மிதிப்பது பாதி சுலபம். அதனால் ஒவ்வொரு ரேஸிலும் ஒருத்தியைத் தலைவியாக வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் அவளுக்காகக் காற்றை வாங்குவார்கள், தண்ணீர் கொண்டுவந்து தருவார்கள், கடைசியில் அவளை முன்னே அனுப்பிவிட்டுப் பின்தங்குவார்கள். ரேஸ் அன்று காலையில் நான் அந்தத் தலைவியின் மூக்கில் மட்டும் மஞ்சள் பிளாஸ்திரியை ஒட்டுவேன். மற்றவர்கள் சுற்றி நின்று கைதட்டுவார்கள். மணப்பெண்ணுக்குப் பொட்டு வைப்பதுபோல இருக்கும்.

பெரும்பாலும் அந்த மூக்கு கோகிலாவுடையதாக இருக்கும். நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் விளைவிக்கும் குடும்பத்துப் பெண். கடைசி இருநூறு மீட்டரில் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. சொன்னால் கேட்டுக்கொள்வாள், ஆனால் தோற்றால் ரெண்டு நாளைக்குச் சாப்பிட மாட்டாள்.

அவளுக்கு எப்போதும் காற்றை மறைத்துக்கொண்டு போகிறவள் ஷமீமா. சேலம் டவுனில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருப்பவரின் மகள். கோகிலாவைவிட மூத்தவள். அணி ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவள் அவள் ஒருத்திதான். காருக்குப் பின்தங்கி வந்து, சட்டைக்குள் முன்னும் பின்னும் தண்ணீர் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு, மறுபடி எல்லாரையும் எட்டிப் பிடித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பாள். மற்ற அணிகளில் அவளுக்குத் 'தண்ணி அக்கா' என்றே பெயர். அவள் மூக்கில் நான் ஒருநாளும் பிளாஸ்திரி ஒட்டியதில்லை.

இந்தச் சடங்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஓமலூரில் ஒரு ரேஸ் ஆரம்பிக்கும் முன் டீக்கடையில் நின்றிருந்தேன். பக்கத்தில் வேறு அணிப் பெண்கள் இரண்டு பேர். ஒருத்தி கேட்டாள், "இன்னைக்கு மஞ்ச மூக்கு யாருடி?" மற்றவள் எட்டிப் பார்த்துவிட்டு, "கோகிலாதான். அவ பின்சக்கரத்த மட்டும் விடாத, போதும்" என்றாள். எனக்கு டீ புரையேறிவிட்டது. எங்கள் ரகசியத்தை நாங்களே மூக்கில் ஒட்டி, ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு அலைந்திருக்கிறோம்! உலகத்தில் வேறு எந்த அணியும் இப்படி ஒரு கோமாளித்தனம் செய்திருக்காது.

இங்கே கவனியுங்கள். உங்களில் பாதிப் பேர் அன்று சாயங்காலமே கூட்டம் போட்டு, "இனிமேல் எல்லாரும் ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லை யாருமே ஒட்டாதீர்கள்" என்று சொல்லியிருப்பீர்கள். நான் வாயே திறக்கவில்லை. எதிராளி நம் மூக்கைப் பார்த்துத்தான் திட்டம் போடுகிறாள் என்று தெரிந்துவிட்டது. அப்புறம் எதற்கு அவசரப்பட்டு மூக்கை மூட வேண்டும்? அந்தப் பழக்கத்தை அப்படியே விட்டுவைத்து, ஒரு நல்ல நாளுக்காகக் காத்திருந்தேன்.

அந்த நாள் அந்த வருடத்தின் கடைசி மாநில ரேஸாக அமைந்தது. அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு இருப்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு மாநில அளவில் முதல் மூன்று இடங்களில் ஒன்றைப் பிடித்த சான்றிதழ் வேண்டும். ஷமீமா காற்றை மறைத்துக்கொடுத்து ஜெயிக்க வைத்த பெண்கள் எத்தனையோ பேர் அப்படி வேலைக்குப் போய்விட்டார்கள். அவளிடம் ஒரு சான்றிதழ்கூடக் கிடையாது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததற்கு யார் சான்றிதழ் தருகிறார்கள்? அந்த வருடத்தோடு அவளுக்கு வயது வரம்பும் முடிகிறது. அந்த ரேஸை விட்டால் அடுத்தது கிடையாது. அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பாதான், நான் பாத்திரக் கடைக்குப் போயிருந்தபோது என்னிடம் சொன்னார். "நீங்க எதுவும் செய்யோணும்னு சொல்லலம்மா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்னுதான்" என்றார். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

முடிவெடுப்பது சுலபமாகவும் இல்லை. ரேஸ் ஓமலூர்ப் பக்கம் தொடங்கி, சேலத்தைச் சுற்றிக்கொண்டு ராசிபுரம் வழியாக நாமகிரிப்பேட்டையில் முடிகிறது. முடிவது கோகிலாவின் சொந்த ஊர். சொந்தபந்தமெல்லாம் திரண்டு நிற்கப்போகிறது. கோகிலாவின் படத்தைப் போட்டு, தெருமுனைதோறும் பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். முதலாளியும் என் காரிலேயே வருவதாகச் சொல்லிவிட்டார். அப்படிப்பட்ட நாளில் கோகிலாவைத் தோற்கச் சொல்ல வேண்டும்.

காலையில் கோகிலாவையும் ஷமீமாவையும் மட்டும் காருக்குப் பின்னால் கூப்பிட்டுச் சொன்னேன். "இன்னைக்கு ஷமீமாதான் லீடர். ஆனா பிளாஸ்திரி கோகிலா மூக்குலதான் இருக்கும். எல்லாரும் உன்னையே பாத்துக்கிட்டு இருக்கட்டும், கண்ணு. அவ போயிரட்டும்."

ஷமீமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ, வேணாங்க்கா. அது அவ ஊருக்கா. அவ வீட்டு ஆளுங்க எல்லாரும் நிப்பாங்க. நான் எப்பவும் போல இழுத்துக் கொண்டாந்து விடறேன்."

கோகிலா கீழே குனிந்தாள். ஷூ வாரை அவிழ்த்து மறுபடி கட்டினாள். அப்புறம் என்னைப் பார்த்து, "எங்கூர்ல பிளெக்ஸ் வெச்சுருக்காங்களாமா, பாத்தீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"பாத்தேன்."

"என்ற மூஞ்சிய ரொம்பப் பெருசாப் போட்டுட்டாங்க. எனக்கே கூச்சமா இருக்குது." சொல்லிவிட்டு முகத்தை நீட்டினாள். "ஒட்டுங்க்கா. வேர்த்தா அப்பறம் ஒட்டாது."

வழக்கம்போல எல்லாரையும் கூப்பிட்டு, எல்லாரும் கைதட்ட, அவள் மூக்கில் ஒட்டினேன். அந்தப் பெண்ணை அந்த நிமிடத்தில் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. சுற்றிலும் மற்ற அணிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் சும்மா இருந்தேன்.

ரேஸ் கிளம்பியது. பாதி தூரத்தில், நான் சொல்லியிருந்த இடத்தில், ஷமீமா கூட்டத்தை விட்டுக் கிளம்பினாள். வேறு அணிகளிலிருந்து இரண்டு பெண்கள் அவளோடு போனார்கள். யாரும் துரத்தவில்லை. "தண்ணி அக்காதான, போவட்டும் விடு" என்று கோவையிலிருந்து வந்த பெண் ஒருத்தி சொன்னதாகக் கோகிலா பிறகு சொன்னாள். எல்லாருடைய கண்ணும் மஞ்சள் மூக்கின் மேலேயே இருந்தது. கோகிலா குனிந்தால் பக்கத்தில் இருக்கிற நாலு பேரும் குனிந்தார்கள். அவள் ஓரம் ஒதுங்கினால் அவர்களும் ஒதுங்கினார்கள்.

ராசிபுரம் தாண்டியதும் எதிர்காற்று பிடித்துக்கொண்டது. ஷமீமாவோடு போன இருவரும் களைத்துப் பின்தங்கிவிட்டார்கள். அவள் தனியாகிவிட்டாள். முன்னால் போகிறவளுக்கும் கூட்டத்துக்கும் இருக்கும் இடைவெளியைப் பலகையில் எழுதிக் காட்டிக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் போகும். ஒவ்வொரு முறை அது காட்டும்போதும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. பின் இருக்கையில் முதலாளிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஏனுங்க மேடம், இன்னும் என்னத்துக்குப் பாத்துக்கிட்டு இருக்கறீங்க? முன்னாடி போற நம்ம புள்ள தனியா எத்தன தூரந்தான் தாங்குமுங்க? நம்ம கோகிலா இப்பக் கெளம்புனா ஒரே மூச்சுல புடிச்சுருமுங்க. சொல்லுங்க மேடம்!"

அவர் சொன்னது தப்பே இல்லை. கோகிலா கிளம்பியிருந்தால் ஷமீமாவைப் பிடித்திருப்பாள், சொந்த ஊரில் ஜெயித்திருப்பாள், முதலாளிக்கும் போட்டோ கிடைத்திருக்கும். ஆனால் அவள் கிளம்பினால் அவள் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கூட்டம் முழுவதும் கிளம்பும். ஷமீமாவுக்கு மூன்றாம் இடம்கூட மிஞ்சாது.

அப்போது கோகிலா கையைத் தூக்கிக் காரைக் கூப்பிட்டாள். நடுவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் காரை விடச் சொன்னேன். ஜன்னலில் கை வைத்துக் குனிந்தாள். "அக்கா, காலு நல்லா இருக்குதுங்க. இப்பப் போனாப் புடிச்சுருவனுங்க. போயிரட்டுங்களா?"

சின்னப் பெண்தானே. ஊர் நெருங்க நெருங்க ஆசை வராமல் இருக்குமா? எங்களைச் சுற்றி இன்னும் நாலு அணியின் பெண்கள், காதைத் தீட்டிக்கொண்டு. 'போகாதே' என்று சொன்னால் ரகசியம் உடைந்துவிடும். ஷமீமாவின் வயது வரம்பையும் சான்றிதழையும் அங்கே விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அதட்டினால் அவள் முகம் சுருங்கும், அந்த முகத்தை அத்தனை பேரும் படித்துவிடுவார்கள். பதில் சொல்ல எனக்குக் கிடைத்தது ஒரு பெருமூச்சு விடுகிற நேரம்.

ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினேன். "தண்ணி குடி கண்ணு. மெதுவாக் குடி."

அவள் என்னைப் பார்த்தாள். பாட்டிலை வாங்கினாள். ஹேண்டில் பாரை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, கல்யாணப் பந்தியில் பானகம் குடிக்கிற மாதிரி, ஒவ்வொரு மிடறாகக் குடிக்க ஆரம்பித்தாள். மிச்சத்தைக் கழுத்தில் ஊற்றிக்கொண்டாள். மஞ்சள் மூக்கே இவ்வளவு நிதானமாக இருக்கிறதென்றால் இன்னும் நேரம் இருக்கிறது என்று மற்றவர்களும் மிதிப்பதைக் குறைத்தார்கள். கோவைப் பெண் ஒருத்தி மட்டும் சந்தேகப்பட்டு வேகம் எடுத்தாள். கோகிலா அவள் பின்சக்கரத்தில் போய் அலுங்காமல் ஒட்டிக்கொண்டாள். அவ்வளவுதான், அந்தப் பெண்ணும் மிதிப்பதை நிறுத்திவிட்டாள். கோகிலாவைக் காற்று மறைவில் வைத்து இழுத்துக்கொண்டுபோய் முடிவுக் கோட்டருகில் இறக்கிவிட யாருக்கு மனசு வரும்? பலகையில் இடைவெளி மறுபடி கூடியது.

"அடக் கெரகமே!" என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "ரேஸ் நடத்தறீங்களா, தண்ணிப் பந்தல் நடத்தறீங்களா?"

அப்போதுதான் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையிலிருந்து கையை எடுத்தார். "அந்தப் பாத்திரக் கடைப் புள்ளைக்கா? நல்ல புள்ளைங்க அது. எனக்குக்கூட ஒருக்கா ஓடியாந்து தண்ணி குடுத்துச்சு" என்றார். பிறகு, "எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமுல்லீங்க?" என்றார் குறையாக.

"சொல்லியிருந்தா நீங்க ஸ்டார்ட்டிங்லயே அவளுக்கு மாலை போட்டிருப்பீங்க, முதலாளி."

"அதுவும் சரித்தானுங்க" என்று ஒத்துக்கொண்டார்.

ஊருக்குள் கார்களை விடவில்லை. சுற்றுவழியில் முன்னே அனுப்பிவிட்டார்கள். அதனால் சைக்கிள்கள் வருவதற்குள் நாங்கள் கோட்டுக்கு வந்துவிட்டோம், ஆனால் நடுவில் என்ன நடந்தது என்று ஒன்றும் தெரியாது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். கோட்டருகில் கோகிலாவின் அப்பா சம்பங்கி மாலையோடு நின்றிருந்தார். "மேடம், எம்பட புள்ள முன்னாடி வருதுங்களா?" என்று கேட்டார். நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வளைவில் முதலில் தெரிந்தவள் ஷமீமா. தோள் ரெண்டும் ஆடிக்கொண்டிருந்தன, வாய் பிளந்திருந்தது, மூக்கில் ஒன்றுமில்லை. அவளுக்குப் பின்னால் கூட்டம் முழு வேகத்தில் வளைவில் திரும்பியது. கடைசியில் அவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது, ஆனால் புரிந்தபோது சாலை முடிந்துவிட்டது. ஷமீமா கோட்டைத் தாண்டினாள். முதலில், தனியாக.

அவளுக்கு அந்தச் சான்றிதழ் கிடைத்தது, அதை வைத்து வேலையும் கிடைத்தது. முடிவெடுக்கும்போது தயக்கம் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்: காரில் இருப்பவளின் வேலை ஜெயிக்கிற காலைக் கண்டுபிடிப்பதோடு முடிவதில்லை. அந்த ஜெயம் இன்றைக்கு யாருக்கு அவசியம் என்றும் பார்க்க வேண்டும். ஆனால் நான் சாகும்வரை மறக்கமாட்டேன் என்று சொல்வது அவள் கோட்டைத் தாண்டிய அடுத்த நொடியை.

ஜெயித்தவர்கள் கோட்டைத் தாண்டும்போது கையைத் தூக்குவார்கள். ஷமீமா தூக்கவில்லை. தாண்டிய கையோடு பிரேக்கைப் பிடித்து, கழுத்தைத் திருப்பிப் பின்னால் தேடினாள். கோகிலா வந்துவிட்டாளா, எத்தனையாவதாக வருகிறாள் என்று. இத்தனை வருடமும் அவள் அதைத்தானே செய்துகொண்டிருந்தாள்.

கூட்டத்தின் நடுவில், எத்தனையாவதோ இடத்தில், கோகிலா வந்தாள். வேர்வையில் பிளாஸ்திரி ஒரு பக்கம் பிய்ந்து கன்னத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கோடு வந்ததும் ஹேண்டில் பாரை விட்டுவிட்டு இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினாள். ஊரே குழம்பிப்போய்ப் பார்த்தது. அவளுடைய அப்பா மாலையோடு ஓடிவந்தார்.

"ஏஞ்சாமி, நடுவாலதான வந்த? எதுக்குக் கையத் தூக்கற?"

கோகிலாவுக்கு மூச்சு வாங்கியது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஷமீமாவைக் காட்டினாள்.

"எங்கக்கா ஜெயிச்சுருக்குதுங்கப்பா. அதுக்குக் கையத் தூக்கத் தெரியல."